ஏறிய எண்

“போன தடவை ரத்தத்துல கேன்சர் மார்க்கர் இருபத்திரண்டு, இப்ப முப்பத்தொன்பது! மார்பகப் புற்றுநோய் திரும்பிடுச்சா டாக்டர்?” மனைவி ரிப்போர்ட்டை நீட்டினாள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு தடவை ஏறினதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. வேற காரணத்தாலயும் ஏறும். நாலு வாரம் கழிச்சு அதே லேப்ல மறுபடி பார்ப்போம்.”

“ரிப்போர்ட்டே மாறியிருக்கும் டாக்டர்! பாருங்க, ‘பெண்’ணு போட்டிருக்கு!”

டாக்டர் பார்த்தார். “பேரு, வயசு, ஃபைல் நம்பர் எல்லாம் சரியா இருக்கேம்மா. இந்த டெஸ்ட்டுன்னாலே பழக்கதோஷத்துல அப்படி அடிச்சிடறாங்க.”

அவள் பிடித்திருந்த ஒரே கொழுகொம்பும் நழுவியது.

“வாங்க, பரிசோதிச்சிடலாம்.”

கணவர் எழுந்து சட்டைப் பட்டன்களைக் கழற்றினார். இடது மார்பில் நீளமாய் ஆபரேஷன் தழும்பு.

“ரத்தம் எடுக்கிறப்பவே, ‘பேஷண்ட் அம்மா எங்கே’ன்னுதான் என்கிட்ட கேட்டாங்க டாக்டர்.”