அந்தக் காலேஜ் எங்க இருக்கு?

மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

தாகமில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது மாடி. மற்றவர்களின் பணத்தைப் பங்குகளில் போட்டுப் பெருக்கித் தரும் நிறுவனம். இரண்டு மாதப் பயிற்சிக்கு ஒரே இடம்; காத்திருந்தது நாலு பேர். மற்ற மூவரும் பெரிய கல்லூரி. உள்ளேயிருந்து யார் வந்தாலும் "சீனியர்!" என்று எழுந்து கைகுலுக்கினார்கள். ஒருவன் சீனியர் வீட்டு நாய்க்குட்டியைக்கூட நலம் விசாரித்தான்.

அவளுக்கு அங்கே பழக்கமானது தண்ணீர் மெஷின் மட்டும்தான்.

அறுபத்தொரு நிறுவனங்களுக்கு மெயில் போட்டிருந்தாள். பதில் வந்தது இந்த ஒன்றிலிருந்து. ஒற்றை வரி: வியாழன் மூன்று மணிக்கு வரவும்.

நாலேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் மேலாளர் அம்மா. ஒரு பக்கம் குறுந்தாடிக்காரர். இன்னொரு பக்கம் கண்ணாடிக்காரர். அவள் விண்ணப்பத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலேஜ் எங்க இருக்கு? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர்.

குறுந்தாடி சிரித்தார்.

பஸ் கடைசியாக நிற்கும் இடம், அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை என்றாள். காது மடல் சுட்டது. மேஜைக்கடியில் கால் தானாக ஆடியது.

மேலாளர் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். பத்து நிமிஷம். மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும்.

ஆறாவது நிமிஷம் கால் ஆடுவது நின்றது.

"லாபம் ஏறியிருக்கு மேடம். ஆனா விற்பனை ஏறவே இல்ல. குடோன்ல சரக்கு ரெட்டிப்பாயிருக்கு. விக்காததையெல்லாம் செஞ்சு செஞ்சு அடுக்கியிருக்காங்க. அந்தச் செலவு சரக்குக் கணக்குல ஒளிஞ்சுக்கிட்டதாலதான் லாபம் கூடின மாதிரி தெரியுது."

குறுந்தாடி அறிக்கையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

மேலாளர் பேனாவை மூடினார். "திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வந்துடும்மா."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியில் ஓடினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னாலிருந்து ஷூ சத்தம். கண்ணாடிக்காரர். அவருக்கு மூச்சு வாங்கியது.

மேலேயும் கீழேயும் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேன்டீன் பின்னாடி ஒரு சுவர் இருக்குமே, ஏறிக் குதிச்சா சுத்தி நடக்காம நேரா பஸ் ஸ்டாப். இன்னும் இருக்கா?"

அவள் காலேஜ் கேன்டீன்! அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு சார். மேல கண்ணாடிச் சில்லு பதிச்சுட்டாங்க."

"அடப்பாவிங்களா!" வாய்விட்டுச் சிரித்தவர், பாதியிலேயே அடக்கிக்கொண்டார். "காலேஜ் பேரைப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் பதில் போட்டேன். மத்த மூணு பேரும் சீனியருங்க சொல்லி வந்தவங்க. மெயில்ல வந்தது இன்னும் ஒரு நாப்பது இருக்கும், திறக்கக்கூட இல்ல. உள்ள நல்லா சொன்னீங்க, அது வேற விஷயம்."

அவள் தலையாட்டினாள்.

"அப்புறமா மேல்படிப்பு படிச்சேன் பாருங்க, அந்தக் காலேஜ் பேரைத்தான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. அக்கா.

"கெடச்சுதாடி?"

"கெடச்சுது."

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"நமக்குத்தான் அங்க ஒருத்தரையும் தெரியாதே! யாரைடி பிடிச்ச?"

யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"பஸ் வந்துடுச்சுக்கா, வெச்சிடறேன்."

கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை காலியாகக் கிடந்தது.