ரெபரி வீட்டம்மா

தறியில் இருந்த கந்தவேலுக்கு, வாசலில் தெய்வநாயகியைக் கண்டதுமே சலிப்பாக வந்தது. அவள் புருஷன், தாலுகா கச்சேரி குமாஸ்தா காளியண்ணன்தான் திருச்செங்கோட்டுக் கால்பந்து மைதானத்துக்கு ரெபரி. கந்தவேல் கோல் போட்டாலே ஆப்சைடு என்று ஊதுகிற மனிதர். சனிக்கிழமைதோறும் மைதானமே அவரைத் திட்டும். அதில் கந்தவேல் குரல்தான் பெரிது.

“அக்கா, உங்கூட்டுக்காரரைத் திட்டினது தப்புத்தானுங்க. அவருக்கு மனசு சரியில்லீன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சதும் ரெண்டு டீமுக்கும் சொல்லிப்போட்டேன். போன சனிக்கிழமை ஒருத்தனும் வாயைத் தொறக்கலீங்களே, இன்னும் என்ன செய்யோணும்?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன், தம்பி. ஏன் ஒருத்தனும் வாயைத் தொறக்கல?”

கந்தவேல் தறியை நிறுத்திவிட்டு எழுந்தான்.

“ஆறு மாசமா ஊட்ல எல்லாருமே அவருகிட்ட மெதுவாத்தான் பேசறோம். உங்ககிட்ட வசவு வாங்கிட்டு வந்தாத்தான் அன்னைக்காவது எங்கிட்ட மல்லுக்கு நிப்பாரு, ரெண்டு வாய் சோறு திம்பாரு. போன வாரம், ‘அங்கயும் என்னைய நோயாளியாக்கிப் போட்டாங்க’ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்தவருதான். நாலு நாளாச்சு!”

அந்தச் சனிக்கிழமை, தெய்வநாயகி கழுத்தில் விசிலை மாட்டி வீட்டிலிருந்து தள்ளிவிட, மைதானத்துக்கு வந்த காளியண்ணன் சோர்ந்த முகத்தோடு ஆப்சைடு ஊதினார். சரியான தீர்ப்பு என்று கந்தவேலுக்கே தெரியும்.

“கண்ணு அவிஞ்சு போச்சாய்யா?” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

காளியண்ணன் விறுவிறுவென்று வந்தார். நிமிர்ந்து நின்றார்.

“யாருக்குடா அவிஞ்சு போச்சு? போடா வெளியே!”

‘திட்டச் சொன்ன அக்கா இதைச் சொல்லலையே’ என்று முனகிக்கொண்டே கந்தவேல் எல்லைக்கோட்டைத் தாண்டினான்.