பின் சக்கரத்தைக் கழட்டு

“பின் சக்கரத்தைக் கழட்டு” என்றார் ராயப்பன்.

இளம்பரிதிக்குப் புரியவில்லை. மகளைக் காதலிப்பவனை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டுப் பேசுகிற முதல் வார்த்தையா இது? பைக்கைக் குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டத்தில் நிறுத்தும்படி கையை மட்டும் காட்டி, கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

ஜன்னல் திட்டில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. முழ நீளம். சணல் கட்டை மீறி ஒரு முனை மட்டும் வெளியே நீண்டு, வளைந்து பளபளத்தது.

“சார், வண்டியில ரிப்பேர் ஒண்ணும் இல்லிங்களே…”

“ரிப்பேர் இருக்கா இல்லியான்னு நான் கேட்டனா? கழட்டுடான்னா கழட்டு.”

காலையில் போனில் அவர் பேசியதும் இவ்வளவுதான். “உங்க விஷயம் தெரியும். மத்தியானம் வூட்டுக்கு வா. தனியா வா, வண்டியோட வா.” கிறிஸ்டினாவை உடனே அழைத்தான். அவள் போன் அணைந்திருந்தது.

இரண்டு வருடமாக மாலை நேர டிப்ளமோ வகுப்பில் பக்கத்து பெஞ்சு அவள். அவள் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட் ஃபிட்டர், மாதா கோயில் கமிட்டிக்காரர். இவனோ கான்ட்ராக்ட் கூலி. சாதியும் வேறு, சாமியும் வேறு. வராமல் இருந்திருக்கலாமோ என்று ஐந்தாவது முறையாக நினைத்துக்கொண்டான்.

வகுப்பு நோட்டில் எழுதுவதுபோல் வேலையை மனத்துக்குள் வரிசைப்படுத்தினான். முதலில் நடு ஸ்டாண்டு. அடுத்து பிரேக் ராடு. பிறகு அச்சு நட். சரியாகத்தான் செய்கிறோமா என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தான். உள்ளங்கை வேர்த்து ஸ்பேனர் வழுக்கியது.

“கிறிஸ்டினா இல்லிங்களா சார்?”

“காலையிலயே குள்ளஞ்சாவடிக்கு அனுப்பிட்டேன், அவ அத்தை வூட்டுக்கு. போனைப் புடுங்கி வெச்சிகினுதான் அனுப்புனேன். ஒனக்குச் சொல்லிடக் கூடாதுல்ல?”

கிறிஸ்டினாவின் அம்மா அன்னமேரி டீ கொண்டு வந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். டம்ளரை வைத்தவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் திட்டைத்தான் பார்த்தார்.

“புள்ள நடுங்கிகினு இருக்கு. போதுங்க” என்றார் கணவரிடம்.

“நீ உள்ள போ.” ராயப்பன் இவன் பக்கம் திரும்பினார். “நடக்குறா பாத்தியா? அந்தக் கால ஒடச்சது யாருன்னு தெரியுமா?”

“தெ… தெரியலிங்க.”

“நான்தான்.”

செகண்ட் ஷிப்ட் பஸ் தெருவைக் கடந்து போனது. அதன் பிறகு அந்த பிளாக்கில் ஒரு சத்தமும் இல்லை.

இளம்பரிதி அச்சைத் தட்டி உருவினான். செயினைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்தது. ராயப்பன் அதை வாங்கி உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தார். இனி ஓட நினைத்தாலும் வண்டி ஓடாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவர் குந்தி உட்கார்ந்து, சக்கரம் இருந்த இடத்துக்குள் கையை விட்டார். இடது பக்கத்து இரும்பில் காலியாக இருந்த போல்ட் ஓட்டையை உள்ளிருந்து விரலால் தடவினார்.

“இப்பதான் கை போவுது” என்று முணுமுணுத்தார். “இதுல இருந்தத என்னாடா பண்ண?”

“வண்டி வாங்குன அன்னிக்கே கழட்டிப் போட்டுட்டேங்க. ஸ்டைலுக்கு…”

“ஸ்டைலு! இதுலதான எம்பொண்ண ஒக்கார வெச்சிகினு பண்ருட்டி வரைக்கும் போன?”

பொய் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. “ஆமாங்க.”

“எத்தினி தரம்?”

“நாலு… இல்லிங்க, அஞ்சு.”

ராயப்பன் எழுந்தார். துணியில் கையைத் துடைத்தார். நிதானமாக நடந்து போய் ஜன்னல் திட்டிலிருந்து அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார்.

“எழுந்து நில்லு.”

எழுந்தான். கால்கள் தாமாகவே பின்வாங்கி, முதுகு சுவரில் முட்டியது. காலில் விழலாமா, கத்தலாமா என்று யோசித்தவனுக்கு வேறு ஏதோதான் வாயில் வந்தது.

“என்னா செஞ்சாலும் சரிங்க. அவள விட மாட்டேன் சார்.”

சொன்னது தான்தானா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

சணல் அறுந்தது. காகிதம் கிழிந்தது. இரும்பு ஒன்று அவன் முகத்துக்கு நேரே கலகலத்தது.

“பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி நானும் ஸ்டைலுக்குத்தான் இதக் கழட்டி எறிஞ்சேன்.” என்றார் அவர். “அன்னமேரி முந்தான சக்கரத்துல சுத்திகிச்சி. இழுத்துகினு வுழுந்து, கால் போச்சி.”

அந்த இரும்பு அவன் கையைத் தொட்டது.

“குள்ளஞ்சாவடில எம்பொண்ணு புடவை கட்டிகினு ஒங்களுக்காகக் காத்துகினு இருக்கா. கண்ணத் தொறந்து இந்த சாரி கார்டைப் புடிங்க, மாப்ள.”