பின்சீட்டுக்கு அடியில்

"கிளினிக்குக்கு நாளைக்குப் போய்க்க. இன்னைக்கிக் காடி எனக்கு வேணும்."

புருஷன் கில்பர்ட் சாவியை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்ததும் அகதாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்தக் காரின் பின்சீட்டுக்கு அடியில்தான் அவள் ஒரு துணிப்பையை ஒளித்து வைத்திருந்தாள். அவளுடைய ஐ.சி. அடையாள அட்டை, நாலு வயது மகள் கெய்ட்லினின் பிறப்புப் பத்திரம், ரெண்டு பேருக்கும் மாற்றுத்துணி. பிள்ளைக்கு ஊசி போடுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, ராசா என்ற ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடுவதாகத் திட்டம். போன வாரம் கில்பர்ட்டிடம் வாங்கிய அடியில் விலா இன்னும் வலிக்கிறது. இனி ஒருநாள்கூட அவளால் முடியாது.

கில்பர்ட் சாவியைத் திருகினான். கார் இருமியது. கிளம்பவில்லை. திரும்பத் திரும்பத் திருகினான். அதே இருமல்.

"எளவு! காடிய என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நான் தொடவே இல்லங்க."

கார் கிளம்பினால் பை மாட்டிக்கொள்ளும். கிளம்பாவிட்டால் அவளுக்கும் வழியில்லை. ஆண்டவரே, நான் எதைத்தான் கேட்பது என்று முழித்தாள் அகதா.

கில்பர்ட் போன் பண்ணிய கால் மணி நேரத்தில் மெக்கானிக் ஐயாவு இழுவை லோரியோடு வந்து இறங்கினார். சுங்கை புரோங் ஊரில் பாதிக் கார்கள் அவர் கைபட்டு ஓடுபவைதான். கெட்டிக்காரர். வாய்தான் சாக்கடை.

பானெட்டைத் தூக்கி எங்கெங்கோ தடவிப் பார்த்தார். பிறகு பெட்ரோல் குழாயில் அழுத்தம் பார்க்கும் ஒரு கேஜை மாட்டினார்.

"சாவியப் போடு தம்பி. ஸ்டார்ட் பண்ணாத, சும்மா போடு."

கேஜில் முள் அசையவே இல்லை.

"பிரஷரே இல்ல, பாரு. சாவி போட்டதும் டேங்குல இருக்கிற பம்பு ஊய்ங்னு ரெண்டு செகண்டு ஓடணும். குழாயில பெட்ரோல அழுத்தி நிறுத்தணும். அந்த அழுத்தம் இருந்தாத்தான் இஞ்சின் புடிக்கும். இங்க சத்தத்தையே காணோம்."

"பம்பு எங்கண்ணே இருக்கு?"

"பின்சீட்டத் தூக்கினா தெரியும்."

அகதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை பெரிய காரில் போயும் போயும் அங்கேயா கொண்டுபோய் வைப்பேன், பாவி!

"அண்ணே, டீ குடிச்சிட்டு அப்புறமா..."

அவர் காதிலேயே வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

முன்சீட்டில் கில்பர்ட் சாவியோடு உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது. அகதா கதவோரம் நின்று, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஐயாவு பையைப் பார்த்தார். அவளுடைய கழுத்தில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தார். சீட்டைத் தொப்பென்று போட்டார்.

"தம்பி, இதெல்லாம் உன் சம்சாரத்தோட வேலை!"

அகதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெட்ரோல சிவப்புக் கோட்டுலேயே வச்சு ஓட்டியிருக்கு. பம்பு பெட்ரோலுக்குள்ள முங்கிக் கெடந்தாத்தான் சூடேறாது. இப்ப வெந்து போச்சு. பொம்பளைங்ககிட்ட காடியக் குடுத்தா இப்படித்தான் லா. வீட்டுல கட்டிப்போட்டு வைக்கணும்!"

கில்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல். "நல்லாச் சொல்லுங்கண்ணே!"

அகதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கைத் தாண்டக்கூடாது என்று பெட்ரோலை அளந்து ஊற்றுகிறவனே அவன்தான். இந்த ஆளும் அவனோடு சேர்ந்துகொண்டு ஆடுகிறாரே, இவரெல்லாம் ஒரு மனுஷனா? பையைப் பற்றி எப்போது போட்டுக்கொடுப்பாரோ!

"பட்டறைக்கு இழுத்துட்டுப் போகணும். நான் கேஜைப் பாக்கிறப்ப சாவி போட ஒரு ஆளு வேணும். என் வேலையாளு லீவு. நீ வர்றியா தம்பி?"

"மில்லுல எனக்கு லோட் வருதுண்ணே. நான் மோட்டோர்ல போய்க்கிறேன். இவள இழுத்துட்டுப் போங்க. ஏய், பிள்ளையையும் தூக்கிக்கிட்டு ஏறு."

வாய்க்கால் ரோட்டில் லோரி போனது. பின்னாலேயே கில்பர்ட்டின் மோட்டோர் சைக்கிள்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன். நீங்க பாத்தத அவருகிட்ட சொல்லிராதீங்க."

ஐயாவு கண்ணாடியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.

மில் முச்சந்தியில் மோட்டோர் திரும்பிவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஐயாவுவின் பட்டறை வந்தது. லோரி நிற்காமல் அதைத் தாண்டிப் பறந்தது.

"அண்ணே, பட்டறை போயிருச்சே! எங்கள எங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"பேசாம வாம்மா."

அகதா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். தஞ்சோங் காராங்கும் பின்னால் போனது. பெரிய ரோட்டை விட்டு விலகி, ஆள் அரவமில்லாத செம்பனை எஸ்டேட் ஒன்றுக்குள் புகுந்து நின்றது லோரி.

"எறங்கு."

இறங்கினாள். கீழே கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிட்டே வந்தால் மண்டையைப் பிளந்துவிடுவது என்று இருந்தாள்.

அவர் கிட்டேயே வரவில்லை. காரை இறக்கினார். லோரியில் இருந்த பெட்ரோல் தோம்பை எடுத்து டேங்கில் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து விரல்நகம் அளவுக்கு எதையோ எடுத்து பானெட்டுக்குள் செருகினார். சாவியைப் போட்டார்.

பின்சீட்டுக்கு அடியில் ஊய்ங்கென்று சத்தம் கேட்டது. அடுத்த திருகலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அகதாவின் கையிலிருந்து கல் நழுவியது. "அண்ணே... பம்பு வெந்து போச்சுன்னீங்களே?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. ஃபியூஸுதான் எரிஞ்சிருந்துச்சு. வந்து ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டேன். பம்பையும் ஒருதடவ பாத்துரலாம்னு சீட்டத் தூக்கினப்பத்தான் உன் பை கண்ணுல பட்டுச்சு." ஐயாவு டிரைவர் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். "அங்கேயே மாத்தியிருந்தேன்னா, காடிய உன் புருஷன்ல எடுத்துட்டுப் போயிருப்பான்?"