பன்னிரண்டு மணி ரீடிங்

“தப்பு முழுக்க ஆபரேட்டரோடதுதான் சார்.”

அந்த மாணவியின் குரலில் ஒரு பிசிறு இல்லை. மாநிலத்திலேயே ஆற்றல் அமைப்புத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஒரே கல்லூரி அது. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில், ஒரு பாய்லர் விபத்தைப் பற்றிய ரிப்போர்ட்டோடு வந்திருந்த அவள்தான் கடைசி ஆள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நாற்பது வருடம் பாய்லரோடு மல்லுக்கட்டியவர். அவருக்குச் சுருக்கென்றது.

“ஒன்பது வருஷம் முன்னாடி பாய்லர் வெடிச்சுச் செத்துப்போன மனுஷன். எழுந்து வந்து பதில் சொல்லவா போறான்ங்கற தைரியமா? கம்பெனி சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறே. தண்ணி மட்டம் காட்டற கண்ணாடி அடைச்சிருக்கலாம். பம்பு மக்கர் பண்ணியிருக்கலாம்.”

“எல்லாத்தையும் தேடிப் பார்த்துட்டேன் சார்.” அன்றைய ஷிப்டின் லாக் புக் நகலை நீட்டினாள். “தண்ணி மட்டத்தை மணிக்கு ஒரு தடவை பார்த்து இதுல எழுதணும். வெடிச்சது காலைல பத்து நாற்பதுக்கு. இதுல பதினொரு மணி ரீடிங் இருக்கு. பன்னிரண்டு மணி ரீடிங்கும் இருக்கு.”

தேர்வாளர் நகலை வாங்கிப் பார்த்தார். ஷிப்ட் தொடங்கும்போதே மொத்தத்தையும் எழுதி வைத்துவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறான் மனுஷன். அந்தக் காலத்தில் அவரும் இந்த வேலையைச் செய்ததுண்டு. அவருடைய நல்ல நேரம், எதுவும் வெடிக்கவில்லை.

“கூட ரெண்டு ஹெல்பர் இருந்தாங்களே? அவங்க எழுதியிருப்பாங்க.”

“இல்ல சார். இதுல ஏழுக்குக் குறுக்கே கோடு இருக்கு பாருங்க. அப்படிப் போடறவர் ஆபரேட்டர் ஒருத்தர்தான். அந்த ஹெல்பருங்க ரெண்டு பேரும் அதுலயே போய்ட்டாங்க.”

பலகைக்குப் போய்க் கணக்கைப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் குறைய ஆரம்பித்ததிலிருந்து வெடிக்கும்வரை 57 நிமிடம். அந்த ஏழுக்கும் குறுக்கே சின்னதாக ஒரு கோடு. நடுவில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் மூன்று பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

தேர்வாளர் இறங்கி வந்தார்.

“தப்பு ஆபரேட்டரோடதுங்கற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடும்மா. ‘காரணம் தெரியவில்லை’னு போடு, முழு மார்க் தரேன். ஆபரேட்டருக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கும். உன் ரிப்போர்ட்டாவது அவன் பேரைக் காப்பாத்தாதான்னு காத்துக்கிட்டிருப்பாங்க.”

“செத்துப்போன ஹெல்பருங்களுக்கும் வீடு இருக்கே சார். கணக்கை மாத்த முடியாது.”

பலகையை அழிக்கப் போனவள் அந்த ஏழை மட்டும் அழிக்காமல் விட்டாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கோபமாக மதிப்பெண் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“ஈவிரக்கம் இல்லாத படிப்பு! செத்தவன் மேல பழி போடவாம்மா நாலு வருஷம் படிச்சே?”

“இல்ல சார். எங்கப்பா மேல தப்பில்லைன்னு நிரூபிக்கத்தான் படிச்சேன்.”