துடுப்பு வெட்டிய மீன்

உறைந்த ஏரியின் நடுவில் பனிக்கட்டியில் ஓட்டை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, மான்தோலைப் போட்டு உட்கார்ந்திருந்த உர்போ, குளிரில் பேட்டரி செத்துப்போகாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்திருந்த போனை எடுத்து மீன்வள அலுவலகத்துக்கு அடித்தார்.

செவ்வாய்க்கிழமை. அவர் பொய் சொல்லும் நாள்.

அப்படியொன்றும் ஊரை ஏமாற்றும் பொய் இல்லை. ஒரே ஒரு மீன்தான்.

பண்ணையில் வளர்த்த டிரவுட் மீனை ஏரியில் விடுவதற்கு முன், முதுகின் கடைசியில் இருக்கும் குட்டித் துடுப்பை வெட்டிவிடுவார்கள். அது சிக்கினால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால், ஏரியில் எத்தனை பிழைத்துக் கிடக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

துடுப்போடு இருந்தால் அது அந்த ஏரியிலேயே பிறந்தது. தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உர்போவுக்குச் சிக்கிய டிரவுட் எல்லாம் துடுப்போடுதான் இருந்தன. அதுவும் எப்போதாவது அத்திபூத்தாற்போல. மற்ற நாளெல்லாம் விரல் நீளப் பெர்ச் மீன் குஞ்சுகள்தான். ஏரி முழுக்க அதுகள்தான். பெருகிப் பெருகி, தின்ன இரை போதாமல், ஒன்றுகூட வளரவில்லை.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாணம் என்று ஒன்று அவருக்கு நடக்கவேயில்லை. கரையில் இருந்த இன்னொரு வீட்டுக்காரரும் தெற்கே நகரத்துக்குக் குடிபோய்விட்டார். இப்போது அங்கே புகை வருவது உர்போவின் வீட்டில் மட்டும்தான்.

முதல் தடவை எப்படியோ வாய் தவறித்தான் வந்தது. அனுமதிச் சீட்டு விஷயமாகப் போன் செய்தவரிடம், அலுவலகத்து ஐலா எல்லோரிடமும் கேட்பதுபோல, "மீன் ஏதாவது சிக்குச்சா? துடுப்பு வெட்டினதா?" என்று கேட்டாள். இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். ஆமாம் என்றுவிட்டார்.

அவ்வளவுதான். எவ்வளவு நீளம், என்ன எடை, எப்படிச் சமைத்தீர்கள் என்று அவள் விடவேயில்லை.

ரை தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் வறுத்ததாகச் சொன்னார். அன்று அவர் தின்றது டப்பாப் பட்டாணி சூப்.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்தோறும் ஒரு மீன். "என்ன உர்போ, இந்த வாரமாவது வெண்ணெய் கருகாம இருந்துச்சா?" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் ஒரு வாரம் முழுக்க அவர் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. அதை நினைத்தால் அவருக்கு உண்மையிலேயே பயம்.

மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"மீன்வள ஆபீஸ், சொல்லுங்க."

ஆண் குரல்.

"ஐலா இல்லையா?"

"அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்களே. வெள்ளிக்கிழமைதான் கேக் வெட்டினோம். இனிமே நான்தான். என்ன விஷயம்?"

போன வாரம்கூட அவ்வளவு நேரம் பேசினாள், இதைப் பற்றி மூச்சே விடவில்லையே! வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், பழகிப்போன வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரௌதுயார்வி ஏரியில துடுப்பு வெட்டின டிரவுட் ஒண்ணு சிக்குச்சு."

"அந்த ஏரியிலயா? இருக்காதே. அங்க நாங்க மீனே விடலையே! மீன் லாரி வழியில சேத்துல மாட்டிக்கிச்சுன்னு அத்தனையும் பக்கத்து ஏரியில கொட்டிட்டு வந்துட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஓடைகூடக் கிடையாது. வேணும்னா ஐலாவையே கேளுங்க, லாரியில கூடப் போனதே அவங்கதான்."

அந்தக் குளிரிலும் உர்போவுக்குக் காது சுட்டது.

அப்படியென்றால் முதல் மீனிலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நீளம் கேட்டிருக்கிறாள், எடை கேட்டிருக்கிறாள். அவரும் வெட்கமில்லாமல் வாராவாரம் வறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சுற்றிலும் பார்த்தார். வெறும் வெள்ளை. அவமானப்படக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

"நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன் போல. வச்சிடறேன்."

"இருங்க, இருங்க! நீங்க உர்போவா?"

"ஆமா."

"அடடா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஐலா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் கூப்பிடுவார், அவர் என்ன மீன் சொன்னாலும் குறுக்கே பேசாம கேட்டு வைன்னு. நான் பாட்டுக்கு லாரி, ஓடைன்னு பேசிட்டேன். சாயங்காலம் அவங்களே போன் பண்ணி என்கிட்ட கேட்டுக்குவாங்களாம். சரி, சொல்லுங்க, எவ்வளவு நீளம்?"

உர்போ குனிந்து பார்த்தார். பனியில் போட்டிருந்த ஓட்டையில் மெல்லிசாக மறுபடி பனி ஆடை படர்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு பெர்ச் குஞ்சுகூடத் தூண்டிலைத் தொடவில்லை.

"என்ன சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பெருசு. இதுவரைக்கும் நான் பிடிச்சதிலேயே இதுதான் பெருசு. இன்னும் வறுக்கல, அப்படியே வச்சிருக்கேன். ரெண்டு பேர் தாராளமாச் சாப்பிடலாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."