காதில் விழும்வரை

போன் அதிர்ந்தபோது வரிசை சன்னதியை நெருங்கியிருந்தது.

அவன் திரும்பி நின்று பார்த்தான். மச்சினனிடமிருந்து ஒரே வரி. அப்பா போயிட்டாரு அத்தான்.

மாமனாருக்காகத்தான் விடியற்காலையில் கிளம்பித் திருக்கடையூருக்கு வந்திருந்தார்கள். டாக்டர்கள் கைவிரித்த பிறகு அவன் மனைவி இந்தக் கோயிலைத்தான் பிடித்துக்கொண்டாள். எமனையே எட்டி உதைத்த சாமி, எங்கப்பாவைக் கைவிட்டுவிடுவாரா என்று காரில் வழியெல்லாம் அதே பேச்சு.

இப்போது முன்னால் நிற்கிறாள். அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும்.

பெற்றவர் சாவு காதில் விழுந்த நொடியே மகளுக்குத் தீட்டு. அப்புறம் ஓரடி உள்ளே வைக்கக் கூடாது. தட்டோடு திரும்ப வேண்டியதுதான். தீட்டு தனக்கும்தான், அது கிடக்கட்டும்.

சொல்லாவிட்டால், செத்தவருக்கு ஆயுள் கேட்டு அர்ச்சனை. இதைவிடக் கொடுமை உண்டா?

வாயைத் திறந்தான். பாழாய்ப்போன வரிசை அதற்குள் நகர்ந்துவிட்டது.

குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

அவள் கணீரென்று சொன்னாள். தட்சிணாமூர்த்தி, பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி.

மந்திரத்தின் நடுவே மாமனார் பெயர் வந்தது.

தீபம் மெல்லச் சாமியின் காலடிக்கு இறங்கியது. அங்கே எமன் கிடந்தான். அவள் கண்ணை மூடாமல் பார்த்தாள். அவனால் பார்க்க முடியவில்லை.

கொடிமரத்தருகே அவள் தோளைத் தொட்டான்.

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். விடுவிடுவென்று நடந்தாள். கோபுர வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்த பிறகுதான் நின்றாள்.

"உங்க மூஞ்சியே சொல்லிடிச்சு. கேட்டா தீட்டுன்னுதான் கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பூக்காரி ஒருத்தி இருவர் நடுவிலும் கூடையை நீட்டினாள். அவன் கையசைத்து அனுப்பினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "நான் பேரு சொன்னப்ப அப்பா இருந்தாரா?"

"இருந்தாரு."

எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை. செய்தியைக் காட்டு என்றும் கேட்கவில்லை.

அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு, அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.